தோற்ற சோதனைக்குத்தான் சாட்சி வேண்டும்

நிரல் பழகு – 12

நிரலில் ஒரு வரி மாறினாலும் சோதனைகள் தானாக ஓடும் சிஐ ஏற்பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். ஓடி முடிந்த பிறகு திரையில் மிஞ்சுவது ஒரு பச்சை டிக் அல்லது சிவப்புப் பெருக்கல் குறி. பச்சை என்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். சிவப்பு என்றால் எந்தச் சோதனை, எந்த இடத்தில், என்ன விடை சொல்லித் தோற்றது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தரும் மெய்நிகர் கணினி, வேலை முடிந்த கையோடு அழிக்கப்பட்டுவிடும். அதற்குள் இருந்த அறிக்கையைத் தனியே எடுத்து வைத்தால் உண்டு. இல்லையென்றால் போனது போனதுதான். அப்படி எடுத்து வைக்கும் கோப்புதான் ஆர்ட்டிஃபேக்ட்.

ஒரு சோதனையைக் கிட்டத்தில் பார்ப்போம். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தர ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூல பைத்தான் நூலகம் இருக்கிறது. கெங்குவார்பட்டி என்ற பெயரைக் கொடுத்தால் கெ, ங், கு, வா, ர், ப, ட், டி என்று 8 எழுத்து வர வேண்டும். பைத்தானின் வெறும் ‘லென்’ கட்டளையோ 15 என்று சொல்லும். கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் யூனிகோடில் தனிக் குறி என்பதால் வரும் கணக்கு அது. யாரோ அவசரத்தில் நூலகத்தை விட்டுவிட்டு ‘லென்’னைப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். “எதிர்பார்த்தது 8, வந்தது 15” என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தால், பழகிய கண் காரணத்தை அங்கேயே பிடித்துவிடும்.

இந்த அறிக்கைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு வடிவம் உண்டு: ஜேயூனிட் எக்ஸ்எம்எல். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-ல் விமானப் பயணம் ஒன்றில் எழுதத் தொடங்கிய ஜாவா சோதனைக் கருவிதான் ஜேயூனிட். அதன் பெயரில் வந்த இந்த வடிவத்தை இன்று பைத்தானின் பைடெஸ்ட்டும் எழுதித் தரும். ஜென்கின்ஸ், கிட்லேப் போன்ற மற்ற சிஐ கருவிகள் அதைப் படித்துப் பட்டியல் போட்டுக் காட்டும்.

புதியவர்கள் விழும் முதல் பள்ளம் இது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு படி தோற்றால் அடுத்த படிகள் ஓடாது. சோதனை தோற்றதும் அறிக்கையை ஏற்றும் படியும் நின்றுபோகும். ஜெயித்த நாளெல்லாம் அறிக்கை இருக்கும், தோற்ற அன்று மட்டும் இருக்காது! ஏற்றும் படிக்கு ‘ஆல்வேஸ்’ என்ற நிபந்தனையைப் போட்டால் தீர்ந்தது. கிட்லேபில் ‘வென்: ஆல்வேஸ்’, ஜென்கின்ஸில் ‘போஸ்ட்’ பகுதிக்குள் ‘ஆல்வேஸ்’.

அடுத்தது பெயர். ஒரே சோதனையை மூன்று பைத்தான் பதிப்புகளில் ஓட்டி, மூன்று அறிக்கைக்கும் ‘ரிப்போர்ட்’ என்றே பெயர் வைப்பார்கள். 2023 டிசம்பரில் வந்த ஏற்றும் கருவியின் 4-ஆம் பதிப்பு இதை ஏற்காது. ஒரே ஓட்டத்தில் ஒருமுறை ஏற்றிய பெயரில் இன்னொன்றைச் சேர்க்க முடியாது. பெயரிலேயே பைத்தான் பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். நாளைக்குத் தேடும்போதும் கைகொடுக்கும்.

எதை, எத்தனை நாள் வைப்பது? கிட்ஹப் தானாக 90 நாள் வைத்திருக்கும். தனியார் களஞ்சியமென்றால் 400 நாள் வரை நீட்டலாம். இலவசக் கணக்கில் அதற்குக் கிடைப்பது 500 எம்பி இடம்தான். இணையப் பக்கச் சோதனைகள் எடுக்கும் வீடியோக்களை எல்லாம் அடுக்கினால் இந்த இடம் சீக்கிரமே நிரம்பிவிடும். கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் உட்கார்ந்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பிச் சென்னை கம்பெனிக்கு வேலை பார்ப்பவரை நினைத்துப் பாருங்கள். ஒரு வரியைப் படிக்க அவர் 300 எம்பி ஜிப் கோப்பை இறக்க வேண்டுமா? சில கேபி அளவுள்ள எக்ஸ்எம்எல்லை எப்போதும் வையுங்கள். வீடியோவைத் தோற்ற சோதனைக்கு மட்டும். இணையப் பக்கச் சோதனைக் கருவியான பிளேரைட்டில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அன்றாட ஓட்டங்களுக்கு 7 நாள் போதும். வாடிக்கையாளருக்கு வெளியிட்ட பதிப்பின் அறிக்கையை மட்டும் நீண்ட நாள் வையுங்கள்.

கோப்புறையை அப்படியே அள்ளி ஏற்றுவதில் ஆபத்தும் உண்டு. பொதுக் களஞ்சியத்தின் ஆர்ட்டிஃபேக்டை வெளியாரும் இறக்கிப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களின் திறந்த மூலத் திட்டங்களில்கூட இப்படி ரகசிய டோக்கன்கள் கசிந்ததை, பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 குழு 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன்பின் ஏற்றும் கருவி மறைகோப்புகளைத் தானாகவே ஒதுக்கிவிடுகிறது. இருந்தாலும் அறிக்கைக் கோப்பின் பாதையை மட்டும் குறிப்பிட்டு ஏற்றுவதே நல்லது.

இந்த வாரம் உங்கள் திட்டத்தில் ஒரு சோதனையை வேண்டுமென்றே தோற்கடித்துப் பாருங்கள். அறிக்கை கைக்கு வருகிறதா, திறந்ததும் காரணம் தெரிகிறதா, அதைக் கைப்பேசியிலேயே படிக்க முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் உங்கள் ஏற்பாடு சரி.

அடுத்த வாரம்: ஒரு வரிகூட மாறாமலே இன்று ஜெயித்து நாளை தோற்கும் சோதனைகள்.

(தொடரும்)