ஊசி போட்ட நேரம்

பித்தப்பைக் கல்லுக்கு மறுநாள் காலை லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் என்றால், முந்தின இரவே ஒரு பச்சை மருந்தை நரம்பில் ஏற்றச் சொல்வேன். "ஆபரேஷன் நாளைக்குத்தானே டாக்டரம்மா, ஊசி எதுக்கு இப்பவே?" என்று நோயாளிகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நாளைக்கு என் திரையில் படம் எப்படி விழும் என்பதில் பெரும்பங்கு அந்த ஊசியின் நேரத்துக்கு உண்டு.

மருந்தின் பெயர் இண்டோசயனின் கிரீன். நாங்கள் ஐ.சி.ஜி. என்போம். 1950களில் கோடாக் ஆய்வகத்தில் பிறந்த சாயம் இது. சுமார் 800 நானோமீட்டர் அலைநீள ஒளியை வாங்கி, 830 நானோமீட்டர் அளவில் திருப்பி வீசும். இரண்டுமே நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. அதற்கென்றே செய்த கேமரா அதைப் பிடித்து, பச்சை நிறமாக்கித் திரையில் காட்டுகிறது. கல்லீரல் இந்தச் சாயத்தை ரத்தத்திலிருந்து உறிஞ்சிப் பித்தத்தோடு வெளியேற்றுவதால் பித்தநாளம் ஒளிர்கிறது. பித்தப்பையின் சிறுகுழாய் என்று நினைத்து முக்கிய பித்தநாளத்தை வெட்டிவிடுவதுதான் இந்த ஆபரேஷனில் எங்களுக்குள்ள பெரிய பயம். நோயாளியின் வாழ்நாள் முழுக்கத் தொடரும் துன்பம் அது.

ரத்தத்தில் ஐ.சி.ஜி. 3, 4 நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். கல்லீரலில் மட்டும் மணிக்கணக்கில் தங்கும். மயக்கம் கொடுக்கும் நேரத்தில் போட்டால் நாளமும் ஒளிரும், அதன் பின்னாலிருக்கும் கல்லீரலும் சேர்ந்து ஒளிரும். திரை முழுக்கப் பச்சை. எது நாளம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. முந்தின இரவே போட்டிருந்தால் காலையில் கல்லீரல் மங்கியிருக்கும், நாளம் தனியாக எடுப்பாகத் தெரியும். வெளிச்சம் போதவில்லை என்று கேமராவின் உணர்திறனைக் கூட்டச் சொல்லும் இளம் மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கூட்டினால் கல்லீரலும் சேர்ந்துதான் கூடும். குடலை வெட்டி இணைக்கும்போது கணக்கே தலைகீழ். அங்கே ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். மருந்து ஏறிய ஒரு நிமிடத்துக்குள் கண் திரையில் இருக்க வேண்டும்.

ஆகவே வார்டு சிஸ்டரின் கைதான் முதல் கேமரா என்பேன். 25 மில்லிகிராம் தூளை 10 மில்லி ஸ்டெரைல் வாட்டரில் கரைக்க வேண்டும். சலைன் கூடாது, சாயம் திரண்டுவிடும். கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பித்தநாளத்துக்கு 1 மில்லி, அதாவது 2.5 மில்லிகிராம் போதும். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

தியேட்டரிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கேமரா விலகினால் ஒளி சட்டென்று குறையும். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் பழைய ஹாலோஜன் விளக்கும் ஜன்னல் வெயிலும் தாங்களே அகச்சிவப்பை வீசிப் படத்தை வெளுக்க வைக்கும். பார்க்கும் நேரத்துக்கு அணைத்தும் மூடியும் வைக்க வேண்டும். பித்தம் ஒரு துளி சிந்தினாலும் அந்த இடமெல்லாம் ஒளிரும். கழுவி உறிஞ்சிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆழம் மட்டும் யார் கைக்கும் அடங்காது. இந்த ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர்தான் ஊடுருவும், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர். கொழுப்பு தடித்தவருக்கும், பித்தப்பை சீழ்பிடித்து வீங்கியவருக்கும் நாளம் அதற்குக் கீழே கிடக்கும். பை வாயில் கல் அடைத்திருந்தால் சாயம் பைக்குள் போகவே போகாது. அப்போது திரை இருண்டிருப்பதைப் பார்த்து "இங்கே நாளம் இல்லை, வெட்டலாம்" என்று முடிவுகட்டக் கூடாது. கொழுப்பை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பார்ப்பேன். அப்போதும் துலங்கவில்லையென்றால் நாளத்துக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பேன், அல்லது வயிற்றைத் திறப்பேன். அதற்கான சம்மதத்தையும் முந்தின இரவே வாங்கி வைத்திருப்பேன்.