பறவைக்குப் படியளக்கும் நீல ரத்த நண்டு! தெரியுமா?

திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி! பனிக்காலம் வந்தால் அந்த ஏரியில் வந்திறங்குகின்றன, கண்டம் தாண்டிவரும் பறவைகள். இத்தனை தூரம் பறக்கிறவை வழியில் எதைத் தின்னும்? அமெரிக்கக் கரையில் இப்படிப் பறக்கும் ஒரு பறவைக்குப் படியளப்பது குதிரைலாட நண்டு. கேளுங்கள், அசந்துபோவீர்கள்!

குதிரைலாட நண்டு, நண்டே அல்ல! தெரியுமா?
அதற்குச் சிலந்தியும் தேளும்தான் நெருங்கிய சொந்தம். அதன் மூதாதைகள் சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடலில் இருந்தன. டைனோசர்கள் வந்தன, போயின; இது இன்னும் இருக்கிறது! உலகில் இருப்பது 4 இனங்கள். அவற்றில் 2 நம் ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளில் வாழ்கின்றன.

அதன் ரத்தம் நீலம்! தெரியுமா?
நம் ரத்தத்தில் இரும்பு, அதன் ரத்தத்தில் செம்பு. பாக்டீரியா நச்சு துளி பட்டாலும் உறைந்துவிடும். ஊசிமருந்தில் அந்த நச்சு இருக்கிறதா என்று உலகமே இதை வைத்துத்தான் சோதித்து வந்தது. நண்டைத் தொடாமலே அதே சோதனையைச் செய்ய வழி கண்டவர்கள், சிங்கப்பூர் விஞ்ஞானிகள் டிங் ஜியாக் லிங், ஹோ போ தம்பதி!

முட்டை தின்றே எடை இரட்டிக்கும் பறவை தெரியுமா?
‘ரெட் நாட்’ என்ற உள்ளான், தென் அமெரிக்காவின் தென்முனையிலிருந்து வடதுருவப் பகுதிவரை சுமார் 15,000 கிலோமீட்டர் பறக்கிறது. எடையைக் குறைக்க, பறக்குமுன் அதன் இரைப்பையே சுருங்கிவிடும்! களைத்து இறங்கியதும் கடினமான சிப்பி செரிக்காது. மே, ஜூனில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தோடு அமெரிக்காவின் டெலாவேர் விரிகுடாவில் நண்டுகள் கரையேறி மணலில் முட்டையிடும். மெத்தென்ற அந்த முட்டைகளைத் தின்று, இரண்டே வாரத்தில் பறவை தன் எடையை இருமடங்காகப் பெருக்கும்!

நண்டு குறைந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா?
1990களில் மீன்பிடி இரைக்காக நண்டுகளை அள்ளிக் குவித்தார்கள். முட்டை அருகியது, பறவையும் மளமளவென்று குறைந்தது. 2014இல் அமெரிக்க அரசு அந்த உள்ளானை அச்சுறுத்தலுக்கு ஆளான இனமாக அறிவித்தது.

நிலவுவரை பறந்த பறவை தெரியுமா?
1995இல் அர்ஜென்டினாவில் காலில் வளையமிடப்பட்ட ‘பி95’ என்ற ஓர் உள்ளான், தன் வாழ்நாளில் பறந்த தூரம் பூமியிலிருந்து நிலவுக்கான தூரத்தைத் தாண்டியது!

பழவேற்காட்டுப் பூநாரைக்கு இளஞ்சிவப்பு எங்கிருந்து? தெரியுமா?
அதுவும் தீனியிலிருந்துதான்! பாசியிலும் நுண்ணிய இறாலிலும் இருக்கும் நிறமிதான் பூநாரையின் சிறகில் ஏறுகிறது. பழவேற்காட்டுச் சேறு வளமாக இருந்தால்தான் அங்கே வரும் பறவைக்கும் பலம்.

பனிக்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழவேற்காடு போய்ப் பாருங்கள். கிட்டே போய்ப் பறவைகளைக் கிளப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு முறை மிரண்டு எழும்போதும், பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பைத்தான் அவை செலவழிக்கின்றன!