ஹாலில் ஒரு குட்டிக் கடல்... தண்ணீர் குறைந்தால் உப்பு போடலாமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பல குடும்பங்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. சின்ன ஹாலில் பெரிய மீன் தொட்டிக்கு இடமேது? 40 லிட்டர் தொட்டி வைக்கலாம். ஆனால், 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' பார்த்த பிள்ளைகள் கேட்பது, கடலில் வாழும் கோமாளி மீனை!

'சின்னத் தொட்டிதானே, சமாளிச்சுக்கலாம்' என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். தண்ணீர் எவ்வளவு குறைவோ, அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும்.

கண்ணாடியில் ஒரு கோடு

கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 40 லிட்டரில் 2 லிட்டர் குறைந்தால், உப்பு லிட்டருக்கு 37 கிராமை நெருங்கிவிடும். 400 லிட்டர் தொட்டியில் இதே 2 லிட்டர் ஒரு பொருட்டே இல்லை.

குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் கோடு போட்டு, தினமும் அதுவரை நிரப்புங்கள். போர் தண்ணீர் வேண்டாம்.

வாரம் ஒருமுறை 4 லிட்டரை எடுத்துவிட்டு, புது உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். சமையல் உப்பு சரிப்படாது. அதில் கால்சியம், மெக்னீசியம் போதாது. கடையில் கிடைக்கும் மரைன் சால்ட்டை முதல் நாளே பக்கெட்டில் கலந்து, ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வருகிறதா என்று பாருங்கள்.

அவசரப்பட்டால் அழுகைதான்

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி, ஒரே வாரத்தில் அது செத்து, பிள்ளை அழுவது பல வீடுகளில் நடப்பதுதான். மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் உண்டாகும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதுவரை சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு, தொட்டியை ஓடவிடுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமான பிறகே மீன்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா, ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை, சாயங்காலம் பாட்டி என மூன்று பேரும் தீனி போட்டால் தண்ணீர் தாங்காது. பொறுப்பு ஒருவருக்கே இருக்கட்டும்.

வெயிலும் கரன்ட் கட்டும்

26 டிகிரி நல்லது. 30-ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மே மாதத்தில் தண்ணீர்ப் பரப்பில் சின்ன ஃபேன் காற்று படட்டும். ஆவியாவது கூடும், கோட்டை மறக்காதீர்கள். கரன்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் கைகொடுக்கும்.

இதை வாங்காதீர்கள்

கடினப் பவளம், கடல் குதிரை இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. கோமாளி மீனைக் கடலில் பிடிக்கத் தேவையில்லை. பண்ணையில் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. பண்ணை மீனா என்று கேட்டு வாங்குங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறீர்களா? நன்றாக வளர்ந்த மீன் மூன்று நாள் தீனி இல்லாமல் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "தீனி போட வேண்டாம்க்கா, கோடு வரைக்கும் தண்ணி மட்டும் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.