சுட்ட கையும் களைத்த இதயமும்

"சுவாமி, பிளாஸ்ரிக் வைத்துத் தைத்தால் எங்கட வெயிலுக்கு அது உருகிப் போகாதா?"

போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின்னர், தோப்பூர்ப் பக்கத்தில் ஒரு தாய் எம்மிடம் இப்படிக் கேட்டார். முகாமில் இருந்த காலத்தில் குப்பி விளக்குச் சரிந்து அவருடைய மகளின் கை எரிந்திருந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் தோல் இழுபட்டு முழங்கை மடிந்தபடியே நின்றுவிட்டது. பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து தாய் கிளினிக் பக்கமே போகவில்லை.

அதே கிழமை இன்னொரு வீட்டுக்குப் போனோம். அங்கே 16 வயது மகனுக்கு இதயத்தில் பழுது. சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்து வாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். "நெஞ்சைப் பிளந்தால் புள்ள திரும்பி வராது" என்று யாரோ சொல்ல, தகப்பன் துண்டு வெட்டி மகனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

இவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். வானத்தைப் பார்த்து மழை சொல்லக் கூடியவர்கள். எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்தும் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள். பிள்ளையின் உடம்பில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை விளங்கும் மொழியில் ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதை இங்கே சொல்ல முயல்கின்றோம்.

பிளாஸ்ரிக் என்றால் என்ன?

முதலில் அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். இந்தச் சத்திரசிகிச்சையில் வாளி, கதிரை செய்யும் பிளாஸ்ரிக்குக்கு வேலையே இல்லை. பிளாஸ்ரிக் என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. குயவர் களிமண்ணை வனைவது போல வனைதல், உருக்கொடுத்தல் என்பதே அதன் கருத்து. சிதைந்த உறுப்புக்கு மீண்டும் உருவும் வேலை செய்யும் திறனும் கொடுப்பதால் அந்தப் பெயர் வந்தது. வைத்து மூடுவது நோயாளியின் சொந்தத் தோலையே. பிறருடைய தோலை உடம்பு நிலையாக ஏற்றுக்கொள்வதில்லை.

இது பணக்காரர் அழகுக்குச் செய்யும் வேலை என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படியும் செய்கிறார்கள்தான். ஆனால் இக்கலை வளர்ந்தது காயப்பட்ட ஏழைகளின் உடம்பில். 1792 இல் திப்பு சுல்தானுடன் நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு சாய்த்த கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. பூனா நகருக்கு அருகில், செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலை இறக்கி மூக்கை அமைத்துக் கொடுத்தார். இச்செய்தி 1794 இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. அதைப் படித்து அறிந்த ஆங்கிலேய வைத்தியர் யோசப் கார்ப்யூ 1814 இல் அதே முறையில் மூக்கு அமைத்தார். பின்னர் முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரருக்காக ஹரோல்ட் கில்லிஸ் என்ற வைத்தியர் இக்கலையை மேலும் வளர்த்தார். மாட்டுக்காரர் ஒருவரின் முகத்தில் எமது பக்கத்து மக்கள் செய்த வேலையை மேல்நாட்டார் படித்துக்கொண்டார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

தோல் நடுகை

ஆழமாக எரிந்த இடத்தில் தோல் தானாக முளைப்பதில்லை. ஓரங்களிலிருந்து வடு இழுத்து மூடும். அந்த வடு மாதக் கணக்காகச் சுருங்கிக்கொண்டே போகும். புண் காய்ந்துவிட்டது என்று நாம் ஆறுதல் அடையும் காலத்தில்தான் முழங்கை மடியும், விரல்கள் ஒட்டும், நாடி நெஞ்சோடு இழுபடும்.

இதற்கு வைத்தியர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைக் கையாள்வார். முதலாவது, தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் புண்ணில் பரப்புவது. இது மிளகாய்க் கன்றைப் பாத்தியிலிருந்து பிடுங்கி நடுவது போன்றது. நட்ட கன்று வேர் பிடிக்கும் வரை அசைக்கக் கூடாதல்லவா? வைத்த தோலுக்குள்ளும் கீழிருந்து புதிய இரத்தக் குழாய்கள் போக வேண்டும். முதல் ஐந்தாறு நாட்கள் கையை அசைக்காமல் கட்டி வைப்பது இதற்காகத்தான். கட்டைப் பிரித்துப் பார்க்கும் ஆசையில் வேர் அறுந்துவிடும். தோல் எடுத்த இடம் பெரும்பாலும் இரண்டு கிழமையளவில் ஆறும். புண்ணை விட அந்த இடம்தான் முதலில் கூடுதலாக நோகும். இதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, அருகிலுள்ள தோலை அதன் கொழுப்போடும் இரத்த ஓட்டத்தோடும் திருப்பி வைப்பது. இது கன்றை மண்ணோடு பெயர்த்து நடுவது போன்றது. கவாஸ்ஜியின் மூக்கு இப்படித்தான் அமைந்தது.

தையல் வெட்டியவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இரவில் கையை நீட்டி வைக்கும் மட்டை, பகலில் பயிற்சி, வடுவை அமுக்கும் துணி என்பன பல மாதங்களுக்குத் தேவைப்படலாம். வளரும் பிள்ளைகளுக்கு, உடம்பு வளர வளர வடு இழுப்பதால், மீண்டும் ஒரு தடவை செய்ய வேண்டியும் வரலாம். வடுவே இல்லாமல் போகும் என்று வைத்தியர் வாக்குத் தருவதில்லை. கை நீளும், சோறு பிசையும், பேனை பிடிக்கும். அதுவே இச்சிகிச்சையின் பலன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு விடயம். எரிந்தவுடன் அந்த இடத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் வைத்திருங்கள். பற்பசை, முட்டை, மை, சாம்பல் எதுவும் பூச வேண்டாம். இன்று மின்சாரம் வந்துவிட்டாலும் வயற்காவல் குடில்களிலும் மின்வெட்டு இரவுகளிலும் குப்பி விளக்கு இன்னும் எரிகிறது. எரிகாயங்களைப் பார்த்து வருந்திய எமது நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத, கட்டையான, பாரமான, திருகு மூடியுள்ள விளக்கு ஒன்றை வடிவமைத்தார். அதற்காக 1998 இல் அவருக்குச் சர்வதேச விருதும் கிடைத்தது. கத்தியால் குணப்படுத்தத் தெரிந்தவரே, கத்தி தேவைப்படாத வழியைத் தேடினார்.

இதயத்தின் கதவுகள்

இனி அந்த மகனின் கதைக்கு வருவோம். இதயம் எமது மூடிய கைப்பிடியளவான ஒரு பம்பி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை அடிக்கிறது. அதற்குள் நான்கு அறைகளும் நான்கு கதவுகளும் உண்டு. இவற்றை வால்வு என்பர். இரத்தம் முன்னே போக அவை திறக்கும். பின்னே வராதபடி மூடும்.

கதவு ஒழுங்காக இயங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2006 இல் மாவிலாற்றின் கதவு மூடப்பட்டதையும், அதைத் தொடர்ந்து நாம் ஊர் விட்டு ஓடியதையும் மறந்தவர் யார்? இதயக் கதவு சுருங்கினால் இரத்தம் முன்னே போகாமல் தேங்கும். சரியாக மூடாவிட்டால் பின்னே கசியும். எப்படியானாலும் இதயம் இரட்டிப்பு வேலை செய்து களைத்து வீங்கும். படியேற மூச்சு வாங்குவது, இரவில் படுக்க முடியாமல் எழுந்திருப்பது, கால் வீங்குவது ஆகியன அதன் அடையாளங்கள். பெண்களுக்குப் பல வேளைகளில் கர்ப்பகாலத்தில்தான் இது வெளியே தெரிய வரும்.

தொண்டை நோவிலிருந்து இதயத்துக்கு

கதவு ஏன் பழுதாகிறது? பெரியவர்களுக்கு வயதாலும் வேறு காரணங்களாலும் ஆகலாம். பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் முக்கிய காரணம் வாதக் காய்ச்சல். ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டை நோவில் அது தொடங்குகிறது. நோ மாறி இரண்டு, மூன்று கிழமையில் காய்ச்சலும், முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டுத் தாவும் வீக்கமும் வரும். 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளை அது கூடுதலாகத் தாக்கும். மூட்டு வீக்கம் வற்றிவிடும். இதயக் கதவில் விழுந்த வடு வற்றாது.

ஒரே கொட்டிலில் பலர் நெருங்கிப் படுக்கும் இடத்தில் இக்கிருமி எளிதில் பரவும். ஆகவே இது இடம்பெயர்ந்தவர்களின் நோயும் ஆகும். ஒரு தடவை வந்த பிள்ளைக்கு மீண்டும் வராமல் தடுக்க மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு பெனிசிலின் ஊசி, வைத்தியர் நிறுத்தச் சொல்லும் வரை ஆண்டுக் கணக்காகப் போட வேண்டும். ஊசி ஒவ்வாத பிள்ளைக்கு மாற்று மருந்து உண்டு. நாம் மேலே சொன்ன மகனுக்கும் இந்த ஊசி எழுதப்பட்டிருந்தது. முகாமுக்கு முகாம் மாறியதில் கிளினிக் கொப்பி தொலைந்தது, ஊசியும் நின்றது. காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியவர்கள் நாம். அந்தப் பையில் கிளினிக் கொப்பிக்கும் இடம் கொடுங்கள்.

கதவைத் திருத்துதல்

எல்லோருக்கும் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. சுருங்கிய சில கதவுகளைத் தொடை நரம்பின் வழியாகச் சிறு பலூன் அனுப்பி விரிக்கலாம். ஜப்பானிய வைத்தியர் கன்ஜி இனோவே 1980களில் கொண்டுவந்த முறை இது. மாரடைப்பு என்பது வேறு. அது இதயத்துக்கே இரத்தம் ஊட்டும் குழாய் அடைபடுவது. அதற்கும் பலூனால் குழாயைத் திறக்கலாம், அல்லது காலிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் குழாய் எடுத்து மாற்று வாய்க்கால் வெட்டலாம்.

திறந்து செய்யும்போது நடப்பது இதுதான். நோயாளி மயக்கத்தில் எதையும் உணரமாட்டார். நெஞ்சு நடுவெலும்பைப் பிரிப்பார்கள். இரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குள் திருப்பிவிட, அது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும். 1953 இல் அமெரிக்க வைத்தியர் யோன் கிப்பன் இத்தகைய இயந்திரத்தை முதன்முதலில் வெற்றியாகப் பயன்படுத்தினார். வாய்க்காலைத் திருத்த, தண்ணீரை வேறு வழியில் திருப்பிவிடுகிறோமே, அதே ஏற்பாடுதான். கதவைத் திருத்திய பின் அல்லது மாற்றிய பின் இதயம் மீண்டும் அடிக்கத் தொடங்கும். எலும்பைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவார்கள்.

கண் விழிக்கும்போது வாயிலும் நெஞ்சிலும் குழாய்கள் இருக்கும், பேச முடியாது. அதைப் பார்த்து உறவினர் ஓலமிடுவதுண்டு. அவை ஓரிரு நாளில் படிப்படியாக எடுக்கப்படும். எலும்பு பொருந்த இரண்டு மாதமளவில் ஆகும். மண்வெட்டியும் நெல்மூட்டையும் மூன்று மாதத்துக்காவது வேண்டாம்.

புதிய கதவில் இரண்டு வகை உண்டு. உலோகத்தாலும் கரிமத்தாலும் செய்தது நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமல் வாபரின் குளிசையை ஆயுள் முழுவதும் எடுத்து, ஒழுங்காக இரத்தமும் சோதிக்க வேண்டும். கடையில் நோக் குளிசை வாங்கி விழுங்கக் கூடாது. மாடு, பன்றி ஆகியவற்றின் திசுவால் செய்த கதவுக்கு அக்குளிசை ஆயுள் முழுவதும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் அது சில ஆண்டுகளில் தேய்ந்து, மீண்டும் மாற்ற வேண்டி வரலாம். வாபரின் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கக் கூடும். ஆகவே பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் கதவைத் தெரிவு செய்ய முன்பே இதைப் பேச வேண்டும். மாட்டுத் திசுவையோ பன்றித் திசுவையோ ஏற்க மனம் ஒவ்வாதவர்களும் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லலாம்.

கையெழுத்து வைக்க முன்

ஆபத்தே இல்லாத சத்திரசிகிச்சை கிடையாது. செய்யாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க, பின்வருவனவற்றை வைத்தியரிடம் கேளுங்கள்:

1. நோயின் பெயர் என்ன? எங்கே பழுது?
2. என்ன செய்யப் போகிறீர்கள்? வேறு வழி உண்டா?
3. செய்தால் என்ன ஆபத்து? செய்யாவிட்டால் என்ன ஆபத்து?
4. எவ்வளவு காலம் பொறுத்திருக்கலாம்?
5. எத்தனை நாள் வாட்டில் இருக்க வேண்டும்? எப்போது வயலுக்கு இறங்கலாம்?
6. பின்னர் என்ன மருந்து, எவ்வளவு காலம்? ஊரில் எங்கே கிடைக்கும்?

கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தமிழும் அரச கரும மொழி. விளங்காத மொழியில் உள்ள சம்மதப் பத்திரத்தை விளக்கும்படி கேட்ட பின்னரே ஒப்பமோ கைநாட்டோ வையுங்கள். கொழும்புக்குப் போகும்போது சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஒவ்வாத மருந்து, வேறு நோய், வெற்றிலை, சுருட்டு, சாராயப் பழக்கம் எதையும் மறைக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அவை தெரிய வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தோப்பூரிலிருந்து மூதூர் தள வைத்தியசாலை, அங்கிருந்து திருகோணமலை, பின்னர் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் பெரிய வைத்தியசாலைகள் என்று துண்டோடு படிப்படியாகப் போகலாம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பின்னர் பாதைக்காகக் காத்திருக்கும் தொல்லையும் குறைந்துவிட்டது. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரிசை நீண்டு, தனியாரிடம் செய்ய நேர்ந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கும் முறையைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். காணியை ஈடு வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

அந்தச் சிறுமியின் கை இன்று நீளும். வடு உண்டு, ஆனால் தண்ணீர்க் குடம் தூக்குகிறாள். மகனின் தகப்பன் சம்மதிக்க இரண்டு வருடம் சென்றது. அதற்குள் இதயம் வீங்கிவிட்டது. சத்திரசிகிச்சை நடந்து அவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் வயலில் இறங்கி வேலை செய்ய அவரால் முடிவதில்லை. வரம்பில் இருந்து பார்க்கிறார். அந்த இரண்டு வருடத்துக்குத் தகப்பனை மட்டும் நாம் குறை சொல்ல மாட்டோம். அன்று அவரிடம் நாம் "பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம். திண்ணையில் இருந்து விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

வாசித்த நீங்கள் அயல் வீட்டாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். கையில் துண்டை வைத்துக்கொண்டு போகத் தயங்கும் ஒருவர் உங்கள் ஒழுங்கையிலும் இருக்கக் கூடும்.