நிழற்படச் சங்கங்களும் ஊர்நினைவும்

கலைகளுட் சில, தோன்றிய காலந்தொட்டே இருவகையாரிடம் வளர்ந்துவந்துள்ளன. ஒரு சாரார் அவற்றைத் தொழிலாகக் கொண்டோர். மற்றொரு சாரார் ஊதியங் கருதாது உள்ளத்து விருப்பினாற் பயின்றோர். நிழற்படக்கலை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். தொழில்முறையாளர் பெரும்பாலும் தம் கூடங்களில் இருந்தவாறே வருவோரின் உருவங்களைப் படம்பிடித்தனர். ஆர்வலரோ சங்கங்களாகக் கூடி, விடுமுறை நாட்களில் ஊர்ப்புறம் நோக்கிப் புறப்பட்டனர். அப்பயணங்கள் வெறும் உல்லாசச் செலவாக நின்றுவிடாது, ஒரு நாட்டின் வரலாற்றுக்குச் சான்று திரட்டும் பணியாக வளர்ந்த முறைமை அறிந்துகொள்ளத்தக்கது.

நிழற்படக்கலை 1839 ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. இங்கிலாந்தில் ரால்பொற் என்பார் தாம் கண்ட கலோரைப் முறைக்கு 1841 இற் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை ஸ்கொத்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. எனவே எடின்பரோ நகரத்து வழக்கறிஞரும் கற்றோருஞ் சிலர் 1840 களின் தொடக்கத்திலேயே கூடி, அம்முறையைத் தடையின்றிப் பயின்றனர். உலகின் முதல் நிழற்படச் சங்கங்களுள் ஒன்றாக எடின்பரோ கலோரைப் சங்கம் கருதப்படுவது இதனாலேயாம். 1853 இல் இலண்டனில் நிறுவப்பட்ட சங்கம், 1894 இல் அரச நிழற்படச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது.

முன்னாளில் வெளிப்பயணம் எளிதான காரியமன்று. 1851 இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தட்டில் மருந்தைப் பூசி, அஃது உலருமுன் ஒளிபடச் செய்து, உடனே உருத்துலக்கவும் வேண்டும். ஆகவே பயணஞ் செய்வோர் கமராவும் முக்காலியுமன்றி, தட்டுக்கள், மருந்துக் குப்பிகள், நீர், இருட்டறையாகப் பயன்படுங் கூடாரம் ஆகிய அனைத்தையுஞ் சுமந்து செல்ல நேர்ந்தது. 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்த ஜூலியா மாகிரட் கமரன் அம்மையார், களுத்துறையில் ஊழியரையும் ஊராரையும் படம்பிடித்தது இத்தகைய தட்டுக்களிலேயாம்.

1871 இல் ரிச்சட் லீச் மடொக்ஸ் என்னும் மருத்துவர் ஜெலற்றின் பூசிய உலர்தட்டு முறையை வெளியிட்டார். பின்வந்தோர் அதனைச் செம்மைப்படுத்தவே, கடையில் வாங்கிய தட்டைப் பெட்டியில் எடுத்துச் சென்று, வீடு திரும்பியபின் ஆறுதலாக உருத்துலக்குதல் இயல்வதாயிற்று. 1888 இல் ஈஸ்ற்மன், நூறு படங்களுக்குரிய சுருளோடு தமது கொடாக் கமராவை 25 டொலர் விலைக்கு வெளியிட்டார். சுமை குறைந்தது, ஆர்வலர் தொகை பெருகிற்று. புகைவண்டியும் துவிச்சக்கரவண்டியும் அவர்களின் பயணத்துக்குத் துணைநின்றன.

இவ்வாறு பெருகிய ஆர்வத்துக்கு ஒரு நோக்கத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஜெரோம் ஹரிசன் ஆவார். பேர்மிங்காம் நகரில் விஞ்ஞானக் கல்வி புகட்டியவரும், நிலவியல் அறிஞருமாகிய இவர், வோரிக்சயர் மாவட்டம் முழுவதையும் ஆர்வலரே படமாகப் பதிவுசெய்ய வேண்டுமென 1889 இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மறு ஆண்டிற் பணி தொடங்கியது. நிலஅளவை வரைபடத்தைப் பகுதிகளாக்கி உறுப்பினருக்குப் பங்கிட்டுக் கொடுத்தலே அத்திட்டத்தின் உயிர்நாடியாகும். தனியொருவர் தம் மனம்போனவாறு அலைந்தால் அழகிய இடமொன்றே நூறுமுறை படமாகும். அயலிலுள்ள பழஞ்சுவரொன்று எவர் கண்ணிலும் படாது அழியும். பங்கிட்டுச் செய்த பணியில் அக்குறை குறைந்தது.

ஆவணப் பயணத்துக்குச் சில ஒழுங்குகள் இன்றியமையாதன. செல்லுமிடத்தின் வரலாற்றை அறிந்தவர் ஒருவர் உடன்சென்று விளக்கினாலன்றி, எதனைப் படம்பிடிப்பது என்பது தெளிவாகாது. சிற்பங்களையுங் கல்வெட்டுக்களையும் உச்சிவேளையில் நேர்நின்று எடுத்தால் வரிகள் மங்கும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியிலேயே அவற்றின் ஆழம் புலப்படும். உயர்ந்த கோபுரத்தைக் கமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால், கோபுரம் பின்னோக்கிச் சாய்வதுபோலத் தோன்றும். பழைய களக் கமராக்களில் உடலை நேராக நிறுத்தி, வில்லையை மாத்திரம் மேலே உயர்த்தும் வசதி இருந்தமையால் அக்குற்றம் நீங்கிற்று. அளவு விளங்குதற்பொருட்டுப் பொருளின் அருகில் ஓர் அளவுகோலை நிறுத்துதலும் நன்று.

படம் எடுத்தலோடு பணி முடிந்துவிடுவதில்லை. வெள்ளியுப்பினாலாய படங்கள், கழுவுதலிற் குறைநேர்ந்து மருந்து எஞ்சிநின்றால் காலப்போக்கில் மஞ்சளித்து மறையும். இதனை அறிந்த சங்கத்தார் பிளாற்றினம், கரி ஆகிய முறைகளிற் படியெடுத்தலைப் பெரிதும் விரும்பினர். பிளாற்றின முறையில் அவ்வுலோகமே தாளின் நாரிற் படிதலால் உருவம் எளிதில் மங்குவதில்லை. இவற்றினும் முக்கியமானது குறிப்பு எழுதுதலாம். இடம், பொருள், நாள், எடுத்தவர் பெயர் என்பன இல்லாத படம், பெயரறியாத ஒருவரின் முகம் போன்றது; பார்க்க இனிதாயிருப்பினும் எதற்குஞ் சான்றாகாது. வோரிக்சயர்ப் படங்கள் குறிப்புடன் பேர்மிங்காம் நகர நூலகத்தில் வைக்கப்பட்டமையாலேயே, பின்வந்த ஆய்வாளருக்குப் பயன்பட்டன.

பேர்மிங்காம் சங்கத்தின் தலைவராக விளங்கிய சேர் பெஞ்சமின் ஸ்ரோன், 1897 இல் தேசிய நிழற்படப் பதிவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, நாடெங்கும் இப்பணியைப் பரப்பினார். கட்டடங்களோடு அமையாது கிராமத் திருவிழாக்களையும் ஆடல்களையும் அவர் படம்பிடித்தார். 1910 வரை நிலைத்த அச்சங்கத்தின் படங்கள் பிரித்தானிய நூதனசாலையிற் சேர்க்கப்பட்டன. ஆயினும் இவ்வியக்கத்திற் குறையில்லாமலில்லை. பழந்தேவாலயங்களும் மாளிகைகளும் பெற்ற இடத்தைத் தொழிற்சாலைகளும் ஏழையர் குடியிருப்புக்களும் பெறவில்லை. எது வரலாறு என்று எண்ணினரோ, அதனையே அவர்தம் கமராக்களுங் கண்டன. படம் பொய் சொல்லாதெனினும், படம்பிடிப்போன் தெரிந்தெடுத்தவற்றையே அது சொல்லும் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

ஆவணம் ஒருபுறமாக, கலைநோக்கும் சங்கங்களில் வளர்ந்தது. உறுப்பினர் தம் படங்களைக் கூட்டத்தில் வைத்து, ஒளியையும் அமைப்பையும்பற்றி ஒருவரையொருவர் திறனாய்வர். இலங்கையில் இத்துறையில் ஒளிர்ந்தவர் லயனல் வென்ற் (1900–1944). வழக்கறிஞரும் பியானோ வாத்தியக் கலைஞருமாகிய இவருக்கு நிழற்படம் தொழிலன்று. எனினும் தொழிலாளர் பலரை விஞ்சிய நுட்பம் அவரிடமிருந்தது. அவர் மறைந்தபின் நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய படிகளும், 1950 இல் வெளிவந்த நூலுமே இன்று அவர் கலையை உணர்த்துகின்றன. மூலம் அழியினும் படிகள் பரந்திருந்தால் பொருள் முற்றாக அழிவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வுண்மை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. 1981 யூன் முதலாந் திகதி, யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அச்சு நூல்கள் பலவற்றை மீண்டும் தேடிப்பெறலாம். ஒரே பிரதியாயிருந்த ஏடுகளை எங்ஙனம் பெறுவது? யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706 இல் ஒல்லாந்தர் எழுப்பிய சிலுவை வடிவான தேவாலயமும் உள்நாட்டுப் போரில் அழிந்துபட்டது. அதன் தோற்றத்தை அறிய விழைவோர் இன்று பழைய நிழற்படங்களையும் வரைபடங்களையுமே நாடவேண்டியவராவர்.

இக்காலத்திற் கைத்தொலைபேசி வைத்திருப்போர் யாவரும் படம்பிடிப்போரே. படங்களுக்குப் பஞ்சமில்லை, ஒழுங்கிற்கே பஞ்சம். ஊரைப் பகுதிகளாகப் பங்கிட்டு, மடங்களையும் கேணிகளையும் தெருமூடிகளையும், அவற்றோடு பட்டறைகளையும் சந்தைகளையும் குடிசைகளையும் முறையாகப் பதிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் நாளும் எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் படிகளைப் பேணுதல் மாணவர் மன்றமொன்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. ஒரு சனிக்கிழமைக் காலையும், ஒரு குறிப்பேடும், ஊரறிந்த முதியவர் ஒருவரின் துணையும் அதற்குத் தொடக்கமாக அமையும். அம்முதியவர் இருக்கும்போதே அது தொடங்கப்படுதல் வேண்டும்.