விதைக்கடன்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனைக் கழைதின் யானையார் பாடியது புறநானூற்றின் 204ஆம் பாடல். கேட்டு நிற்பவரின் தாழ்வையும், கொடுப்பதை ஏற்க மறுப்பவரின் உயர்வையும் அப்பாடல் எடைபோடுகிறது. பரிசில் நாடிச் சென்ற புலவரே பெறுவோரின் தன்மதிப்பைப் பற்றிப் பாடியிருப்பது எண்ணத்தக்கது. அவ்வினா அம்மலையை விட்டு இன்றும் நீங்கவில்லை. அன்று வள்ளலின் முன் எழுந்தது, இன்று விதைக் களஞ்சியத்தின் முன் எழுகிறது.

நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே அமைந்த இம்மலையில் வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு மயங்க வேண்டா. அவர்கள் பேசுவது தமிழே. மழையை நம்பிய சரிவு நிலங்களில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றை அவர்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தனர். சாமையில் மட்டும் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, கருஞ்சாமை எனப் பல வகைகள் உண்டு.

பின்னர் மரவள்ளி மலையேறியது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை விலைக்கு வாங்கின. கையில் பணம் புழங்கியது. நியாயவிலைக் கடை அரிசியும் வந்தது. சாமையை உரலிலிட்டு உமி நீக்குவது பெண்களுக்குப் பெரும் உழைப்பு. ஆகவே, சிறுதானியத்தைக் கைவிட்டவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், சில ஆண்டுகள் விதைக்காத வீட்டில் விதை எஞ்சுவதில்லை. மீண்டும் விதைக்க விரும்புவோர் எங்கே செல்வது?

1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் கொல்லிமலையில் பணியாற்றத் தொடங்கியது. அதன் துணையுடன் சிற்றூர்களில் விதை வங்கிகள் உருவாயின. மலைமக்கள் மரபாகத் தானியம் சேமிக்கும் தொம்பை என்னும் களஞ்சியமே இவ்வங்கிகளுக்கும் பயன்பட்டது. பொறுப்பை ஏற்றவை தன்னுதவிக் குழுக்கள். விதைப்புக்கு முன் விதை பெற்றவர், அறுவடைக்குப் பின் பெற்றதைவிடக் கூடுதலாகத் திருப்பி அளிக்க வேண்டும் என்பதே வழக்கம். இங்கு விதை பெறுபவர் இரப்பவர் அல்லர். அடுத்த பருவத்தில் அவர் தரும் விதையே மற்றொருவருக்குக் கடனாகச் செல்லும்.

அளவு சரியாக இருந்தால் கடன் தீர்ந்துவிடுமா? படி காட்டுவது அளவை மட்டுமே. நன்கு காயாத விதையும் வேற்றுவகை கலந்த விதையும் அதே படியை நிரப்பும். சாமை விதையோ மிகச் சிறியது; கலப்பைக் கண்ணால் கண்டறிதல் எளிதன்று. குறை வெளிப்படுவது அடுத்த மழைக்குப் பின், வேறொருவர் நிலத்தில். எனவே, உண்மையான திருப்பிச் செலுத்தல் களஞ்சியத்தில் நிகழ்வதன்று. அறுவடைக்கு முன்பே, முற்றித் திரண்ட கதிர்களைத் தேர்ந்து தனியே வைத்து, பிற வகையோடு கலவாமல் அடித்து, வெயிலில் உலர்த்தும்போதே அது தொடங்கிவிடுகிறது. அப்போது அருகில் கணக்கெழுதுவோர் எவருமிலர். நூலகத்து நூலைத் தாள் கிழிந்த நிலையில் உரிய நாளில் ஒப்படைக்கும் மாணவரும் பதிவேட்டின்படி கடன் தீர்த்தவரே!

மழை பொய்க்கும் ஆண்டும் உண்டு. பன்றியோ பறவையோ கதிரை அழித்துவிடலாம். திருப்பித் தர இயலாத அந்நிலையில், குழுவினரின் கண்ணில் படாமல் ஒதுங்கிச் செல்வது எளிது. நேரில் சென்று விளைச்சலின்மையைச் சொல்லி, மறுபருவம் வரை காலம் கேட்பது கடினம். தன்மதிப்பு உடையவர் இவ்விரண்டில் முதலாவதையே தேர்வார் என்று பலர் கருதுவர். உண்மை நேர்மாறானது. ஒதுங்குபவர் காப்பது தம் தோற்றத்தை. சொல்பவர் காப்பது தம் சொல்லை. அவர் சொன்னால்தான் எஞ்சிய விதையை எவரெவருக்குப் பகிர்வது எனக் குழு திட்டமிட முடியும்.

உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தபின் பெண்களின் உலக்கைச் சுமை குறைந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளிலும் சாமை அரிசி இடம்பெற்றது. ஆனால், கொல்லிமலையில் உண்ணும் சாமையும் விதைச்சாமையும் இன்றும் ஒன்றல்ல. ஒன்று உலைக்குச் செல்கிறது. மற்றொன்று அடுத்த மழைக்காகத் தொம்பையில் காத்திருக்கிறது.