'ஒழிப்பு' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வேலைகள்!

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் குறிப்பேட்டைப் புரட்டினால், ஒரு பக்கத்தில் இந்தச் சொற்கள் வரிசையாக இருக்கும்: அபாலிஷ், டெமாலிஷ், எலிமினேட், எராடிகேட், அனைஹிலேட். எதிரே பெரும்பாலும் ஒரே பொருள்தான் எழுதியிருக்கும்: 'ஒழி'.

மதிப்பெண் வாங்க இது போதும். சாதியைப் பற்றிப் பேசப் போதாது. "தீண்டாமையைத்தான் எப்போதோ ஒழித்தாகிவிட்டதே, இன்னும் ஏன் பேசுகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்குப் பதில், இந்தச் சொற்களின் வேறுபாட்டில்தான் இருக்கிறது.

'அபாலிஷ்' என்பது, அதிகாரம் உள்ளவர்கள் ஒரு முறையையோ வழக்கத்தையோ இனிச் செல்லாது என்று அறிவிப்பது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட தீண்டாமை ஒழிப்புப் பிரிவில் இருப்பது இந்தச் சொல். இன்றைய அரசியலமைப்பில் அது 17-வது பிரிவு. பட்டங்களை ஒழிக்கும் 18-வது பிரிவின் தலைப்பிலும் இதே சொல்தான். ஆனால் 17-வது பிரிவு அத்தோடு நிற்கவில்லை. எந்த வடிவிலும் கடைப்பிடிக்கக் கூடாது என்று தடை செய்கிறது; மீறினால் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. செல்லாது என்று எழுதினால் மட்டும் ஒழிந்துவிடாது என்பது அதை எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் 1955-லும் 1989-லும் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவு ஒழித்தது தீண்டாமையை, சாதியை அல்ல.

சாதிக்கு அண்ணல் அம்பேத்கர் வேறு சொல்லை எடுத்தார். 'அனைஹிலேஷன்'. 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் 'நிஹில்' என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது. சுவடே இல்லாமல் ஆக்குவது என்று பொருள். லாகூரைச் சேர்ந்த ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற அமைப்பு, தன் 1936-ம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. 'தோடக்' என்றால் உடைப்பவர். சாதியை உடைப்பவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களாலேயே, சாத்திரங்களின் அதிகாரத்தைத் தகர்க்கச் சொன்ன அவரது உரையைத் தாங்க முடியவில்லை. திருத்தக் கேட்டார்கள், அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. அந்த உரையை 1936 மே மாதம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழில் 'ஜாதியை ஒழிக்க வழி' என்று கொண்டுவந்தார். அங்கேதான் 'அனைஹிலேஷன்' நம் மொழியில் 'ஒழிப்பு' ஆனது.

சாதி ஒரு செங்கல் சுவர் அல்ல, மனதில் குடியிருக்கும் எண்ணம் என்பது அந்த உரையின் முக்கிய வாதங்களில் ஒன்று. அதை நம் கண்முன் காட்டியது மதுரை மாவட்டம் உத்தபுரம். 1989-ல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் இடித்துப் பாதை திறந்தது. 'டெமாலிஷ்' என்றால் கட்டியதைக் கலைப்பது. அந்த வேலை ஒரே நாளில் முடிந்தது. ஆனால் பாதை திறந்ததை ஏற்காத ஆதிக்க சாதிக் குடும்பங்கள் பல, ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய்த் தங்கின. சுவர் விழுந்த பிறகும் எது நின்றது என்று சொல்லத் தேவையில்லை.

'எலிமினேட்' என்பதன் வேர்ப்பொருள், வாசற்படிக்கு வெளியே தள்ளுவது. 'லிமென்' என்றால் லத்தீனில் வாசற்படி. இது நாம் சாதிக்குச் செய்தது அல்ல. சாதி நமக்குச் செய்தது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் கிடையாது.

கடைசியாக 'எராடிகேட்'. 'ராடிக்ஸ்' என்றால் வேர். முள்ளங்கிக்கு 'ராடிஷ்' என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான். வேரோடு பிடுங்குவது என்று பொருள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993-லும் 2013-லும் வந்த சட்டங்களின் பெயரில் இருப்பது 'தடை'. தடைக்குப் பிறகும் மலக்குழிக்குள் இறங்கியவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 2023 அக்டோபரில், இறப்புக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்திய உச்ச நீதிமன்றம், கழிவுநீர்ப் பாதைகளில் மனிதரை இறக்கும் வேலையையே படிப்படியாக முற்றிலும் ஒழிக்கச் சொன்னது. தடை காகிதத்தில் முடிந்துவிடும். வேரைப் பிடுங்க இயந்திரம் வேண்டும், மாற்று வேலை வேண்டும், ஆளை இறக்கிய ஒப்பந்ததாரர் மீது வழக்கு வேண்டும்.

ஆகவே "ஒழித்தாகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் கோபப்பட வேண்டாம். எந்த ஒழிப்பு என்று கேளுங்கள். செல்லாது என்று அறிவித்ததா? சுவரை இடித்ததா? வேரைப் பிடுங்கியதா? முதல் வேலை எழுத்தில் முடிந்தது. இரண்டாவது சில ஊர்களில் நடந்தது. மூன்றாவது பாதியில் நிற்கிறது. அண்ணல் சொன்ன வேலை, அந்த 1,500 பிரதிகள் அச்சான நாளிலிருந்து நம் எல்லோருக்காகவும் காத்திருக்கிறது.